ஆறு புள்ளி வந்துவிட்டது, வேலை வருமா?

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு 33 வயது. ஊர் சேலம், அம்மாப்பேட்டை. அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள ஒரு கல்லூரியில் 2014இல் பி.இ. எலக்ட்ரிக்கல் முடித்தேன். 8 வருடமாக மேட்டூர் பக்கம் ஒரு இரும்பாலையில் மெயின்டனன்ஸ் இன்ஜினியராக இருக்கிறேன். மோட்டார் டிரைவ், மிஷினை இயக்கும் பி.எல்.சி. கன்ட்ரோலர், மின் பேனல் எல்லாம் என் பொறுப்பு. சம்பளம் 48,000 ரூபாய். ஜெர்மனி போக ஆசை. இங்கே ஒரு கன்சல்டன்சியில், ‘வேலை தேடும் விசாவுக்கு உங்களுக்கு 6 புள்ளி வந்துவிட்டது, ஜெர்மன் மொழி தேவையில்லை, போய் மூன்று மாதத்தில் வேலை உறுதி’ என்கிறார்கள். அவர்களுக்குக் கட்டணம் நாலரை லட்சம். அது போக வங்கியில் 13 லட்சம் காட்ட வேண்டுமாம். அம்மா வீட்டுப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். நூற்றுக்கு இரண்டு வட்டிக்குப் பணம் தர ஒருவர் தயாராக இருக்கிறார். என் மனைவி பி.எஸ்சி. நர்சிங் படித்தவள், ஒரு தனியார் மருத்துவமனை ஐ.சி.யு.வில் 6 வருட அனுபவம். இரண்டரை வயதில் குழந்தை இருப்பதால் அவளை இதில் இழுக்கவில்லை. நான் முதலில் போகட்டுமா? – ஒரு வாசகர், சேலம்.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆசை சரியான ஆசை. படிப்பு, வயது, கையில் இருக்கும் தொழில் மூன்றும் அந்த நாட்டுக்குப் பொருந்துகின்றன. போக வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் அந்தப் பத்திரத்தை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்து, பீரோவில் வைக்கச் சொல்லுங்கள். மீதியைப் படிக்கும் முன் இதைச் செய்துவிடுங்கள்.

நானும் எலக்ட்ரிக்கல்காரன்தான், சூரமங்கலம். 9 வருடம் தென் ஜெர்மனியில் ஒரு ஆலையில் மெயின்டனன்ஸ் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். இப்போது வெளிநாடு போகிறவர்களுக்கு வழி சொல்வதுதான் என் தொழில்.

உங்களுக்குச் சொல்லப்பட்டதில் எது உண்மை என்று முதலில் பார்ப்போம். அவர்கள் சொல்லும் விசாவுக்குப் பெயர் வாய்ப்பு அட்டை, ஜெர்மனில் ஷான்சன்கார்ட்டெ. 2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் இருந்த ஜாப் சீக்கர் விசா 6 மாதத்துக்குத்தான் கிடைக்கும். புதியது ஒரு வருடம் வரை. அந்த ஒரு வருடத்தில் வாரம் 20 மணி நேரம் பகுதிநேர வேலை செய்யலாம். ஒரு கம்பெனியில் இரண்டு வாரம் வரை சோதனை வேலையும் பார்க்கலாம்.

புள்ளிக் கணக்கிலும் அவர்கள் பொய் சொல்லவில்லை. 35 வயதுக்குள் என்றால் 2 புள்ளி. கடந்த 7 வருடத்தில் 5 வருடம் படித்த துறையிலேயே வேலை பார்த்திருந்தால் 3 புள்ளி. இன்ஜினியர் பற்றாக்குறைப் பட்டியலில் இருக்கும் தொழில் என்பதால் 1 புள்ளி. ஆக 6. மொழியில் இங்கிலீஷ் பி2 அல்லது ஜெர்மன் ஏ1, இரண்டில் ஒன்று இருந்தால் போதும். ஏ1, ஏ2, பி1, பி2 என்பவை மொழித் திறனை ஏறுவரிசையில் அளக்கும் படிகள், ஏ1 ஆரம்பப் படி. சட்டப்படி எல்லாம் சரி.

அவர்கள் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. உங்கள் பட்டம் ஜெர்மன் பட்டத்துக்குச் சமம் என்று ஏற்கப்பட்டால் இந்தப் புள்ளிக் கணக்கே உங்களுக்குத் தேவையில்லை. தகுதி பெற்ற தொழிலாளர் என்ற வகையில் நேராக இதே அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டுப் பட்டங்களை ஒப்பிட்டுப் பார்க்க அனாபின் என்று ஒரு இணையதளம் இருக்கிறது, இலவசம்தான். அதில் உங்கள் கல்லூரிப் பெயரைத் தேடாதீர்கள். பட்டம் கொடுத்தது பல்கலைக்கழகம், ஆகவே அதன் பெயரைத் தேடுங்கள். அதற்கு நேராக எச் பிளஸ், அதாவது அங்கீகாரம் உண்டு என்ற குறி, இருக்க வேண்டும், உங்கள் பட்டமும் சமம் என்று பட்டியலில் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்து விண்ணப்பத்தோடு வைத்தால் போதும். இல்லாவிட்டால் இசட்.ஏ.பி. என்ற அரசு அமைப்பிடம் 208 யூரோ கட்டி ஒப்பீட்டுச் சான்று வாங்கலாம். விசா கட்டணம் 75 யூரோ. 2025 தொடக்கத்திலிருந்து விண்ணப்பத்தையும் ஜெர்மன் வெளியுறவுத் துறையின் இணைய முகப்பிலேயே போடலாம். நாலரை லட்சம் எந்த வேலைக்கு என்று அவர்களிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி வாங்குகிறவர் டச், அதாவது வெள்ளியின் சுத்தம், பார்க்காமல் காசை எண்ண மாட்டார். நாமும் அப்படியே இருப்போம்.

சரி, விசா கிடைத்துவிடும் என்றே வைத்துக்கொள்வோம். உங்களுக்குக் கிடைக்கவும் வாய்ப்பு இருக்கிறது. அதன் பிறகுதான் உங்களை நினைத்து எனக்குக் கவலை.

அந்த அட்டை வேலை இல்லை தம்பி. வேலை தேட ஒரு வருட அவகாசம், அவ்வளவுதான். புள்ளி கொடுப்பது அரசாங்கம், வேலை கொடுப்பது கம்பெனிக்காரர். அரசாங்கம் இங்கிலீஷ் போதும் என்கிறது. மெயின்டனன்ஸ் மேலாளர் அப்படிச் சொல்ல மாட்டார். சாஃப்ட்வேர்காரர்கள் சிலர் இங்கிலீஷை மட்டும் வைத்துக்கொண்டு பெர்லினில் பிழைக்கிறார்கள், உண்மைதான். உங்கள் வேலை அப்படிப்பட்டது இல்லை. ஏன் என்று என் அனுபவத்தை வைத்தே சொல்கிறேன்.

நான் போய்ச் சேர்ந்த முதல் மாதம். லைனில் ஒரு டிரைவ் டிரிப் ஆகி நின்றது. ஐசொலேட்டரை ஆஃப் செய்துவிட்டுப் பேனலைத் திறந்து டி.சி. லிங்க், அதாவது டிரைவின் கெபாசிட்டர்கள் இருக்கும் பக்கம் கையை நீட்டினேன். பின்னாலிருந்து வயதான ஃபிட்டர் ஒருவர் ‘நிஷ்ட் அன்ஃபாஸன்!’ என்று கத்தினார். தொடாதே என்று அர்த்தம். எனக்கு அது புரியவில்லை. ஏதோ கேட்கிறார் என்று நினைத்து, கையை எடுக்காமல் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தேன். அவர் ஓடிவந்து என் மணிக்கட்டில் ஓங்கித் தட்டினார். ஆஃப் செய்த பிறகும் அந்தக் கெபாசிட்டர்களில் 500 வோல்ட்டுக்கு மேல் சில நிமிடம் தங்கியிருக்கும், உங்களுக்குத் தெரியாததா? எனக்கும் தெரியும்தான். அவசரத்தில் மறந்துவிட்டேன். ஐந்து நிமிடம் காத்திருக்கச் சொல்லி பேனல் கதவில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அது ஜெர்மனில் இருந்தது. மணிக்கட்டு இரண்டு நாள் வீங்கியிருந்தது. அன்று ராத்திரி அறைக்குப் போய் நெடுநேரம் தூங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அங்கே ஆலைக்குள் ஷிப்ட் மாறும்போது எழுதும் நோட்டு ஜெர்மனில்தான். பாதுகாப்புப் பயிற்சி ஜெர்மனில் நடக்கும், அதன் முடிவில் புரிந்தது என்று கையெழுத்து வாங்குவார்கள். மிஷின் நின்றால் ஆபரேட்டர் உங்களைக் கூப்பிட்டு என்ன சத்தம் கேட்டது, எந்த விளக்கு எரிந்தது என்று தன் ஊர்ப் பேச்சில் படபடவென்று சொல்வார். அதைப் பிடிக்கத் தெரியாத ஆளைப் பேனல் முன் நிறுத்த எந்த மேலாளரும் துணிய மாட்டார். அதில் அவர்மீது எனக்குக் கோபமும் இல்லை. உங்கள் ஆலையில் தமிழும் இந்தியும் தெரியாத ஒருவரைத் தனியாக நைட் ஷிப்டில் விடுவீர்களா?

இன்னொன்று. அங்கே நிலைமை இப்போது கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது. 2023, 2024 இரண்டு வருடமும் ஜெர்மன் பொருளாதாரம் சுருங்கியது. 2025 ஆகஸ்டில் வேலையில்லாதவர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது. போஷ், இசட்.எஃப்., கான்டினென்டல் போன்ற பெரிய வாகன உதிரிபாகக் கம்பெனிகளே ஆட்குறைப்பு அறிவித்திருக்கின்றன. ‘இந்தியர்களுக்கு வருடம் 90,000 விசா’ என்று விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். 2024 அக்டோபரில் ஜெர்மன் அரசு அறிவித்த எண் அது. தகுதி பெற்ற இந்தியர்களுக்கு அதுவரை 20,000 ஆக இருந்ததை 90,000 வரை உயர்த்துவதாகச் சொன்னார்கள். 90,000 நாற்காலி காலியாக இருக்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை. மெயின்டனன்ஸ் ஆட்களுக்கு இன்றும் தேவை இருக்கிறது. வயதானவர்கள் ஓய்வுபெற்றுப் போகிறார்கள், அந்த இடங்களுக்கு ஆள் தேடுகிறார்கள். ஆனால் வாசலில் நிற்கும் கூட்டமும் கூடிவிட்டது. மொழி தெரிந்தவரை முதலில் உள்ளே விடுகிறார்கள்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். நிதானமாகப் படியுங்கள்.

மொத்தமாகப் போட்டு மாதாமாதம் மட்டும் எடுக்கக்கூடிய பிளாக்டு அக்கவுண்ட் என்ற வங்கிக் கணக்கில் 2025 கணக்குப்படி மாதம் 1,091 யூரோ வீதம் 12 மாதத்துக்கு 13,092 யூரோ போட வேண்டும். ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்தால் 13 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். தொகை மாறக்கூடியது, ஆகவே கட்டும் முன் தூதரகப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இதை ‘காட்ட வேண்டிய பணம்’ என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். காட்டிவிட்டுத் திருப்பி எடுத்துக்கொள்ளும் பணம் இல்லை இது. மாதாமாதம் 1,091 யூரோ உங்கள் கைக்கு வரும், நீங்கள் அதைத் தின்று தீர்ப்பீர்கள். வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு எல்லாம் அதிலிருந்துதான். வீடு பிடிக்க முன்பணமே மூன்று மாத வாடகை வரை கேட்பார்கள். வருடம் முடியும்போது அந்தக் கணக்கில் ஒன்றும் இருக்காது.

கன்சல்டன்சி நாலரை, அக்கவுண்ட் 13, டிக்கெட்டும் கைச்செலவும் சேர்த்தால் 18 லட்சம் கடன். நூற்றுக்கு இரண்டு என்றால் மாதம் 36,000 ரூபாய் வட்டி. நீங்கள் இன்று வாங்கும் சம்பளத்தில் முக்கால் பங்கு. நீங்கள் போன மாதத்திலிருந்து அந்தச் சம்பளமும் வராது. அப்போது வட்டிக்காரர் வந்து நிற்பது உங்கள் அம்மாவின் வாசலில்.

பகுதிநேர வேலை பார்த்துக் கட்டிவிடலாம் என்று சொல்லியிருப்பார்கள். 2026 ஜனவரி முதல் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. வாரம் 20 மணி நேரம் என்றால் மாதம் ஏறத்தாழ 1,200 யூரோ, பிடித்தம் போக இன்னும் குறையும். கையைக் கடிக்காமல் வாழ அது உதவும். ஆனால் கிடங்கில் பெட்டி அடுக்கிவிட்டு, இரவு வந்து விண்ணப்பம் எழுதி, நடுவில் மொழி வகுப்புக்கும் ஓடி, மாதம் 36,000 வட்டியும் கட்டுவது நடக்கிற காரியமாக எனக்குத் தெரியவில்லை. இப்படிப் போன ஒரு பையனை எனக்குத் தெரியும், நம்ம ஜில்லாதான். ஏழாவது மாதம் எனக்கு போன் செய்தபோது அவன் வேலையைப் பற்றிப் பேசவே இல்லை. வட்டியைப் பற்றி மட்டும் பேசினான். மனசு அங்கே போய்விட்டால் இன்டர்வியூவில் என்ன பதில் வரும்?

அதனால் என் யோசனை இதுதான். அந்த ஒரு வருடத்தை ஜெர்மனியில் தொடங்காதீர்கள். சேலத்தில் தொடங்குங்கள். சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே, சொந்த வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே தொடங்குங்கள்.

முதலில் மொழி. பி1 வரைக்கும் 350 முதல் 650 பாடவேளை ஆகும் என்பது ஜெர்மன் மொழி சொல்லித் தரும் கோத்தே இன்ஸ்டிட்யூட்டின் கணக்கு. ஒரு பாடவேளை 45 நிமிடம். நடுவாக 500 என்று வைத்தால் 375 மணி நேரம். தினமும் ஒன்றரை மணி நேரம் தவறாமல் உட்கார்ந்தால் 250 நாள், ஷிப்ட் வேலையோடு பார்த்தால் 10 மாதம். சென்னை நுங்கம்பாக்கத்தில் கோத்தே இன்ஸ்டிட்யூட் இருக்கிறது, கோவையில் கோத்தே மையம் இருக்கிறது. இரண்டிலும் ஆன்லைன் வகுப்பு உண்டா, தேர்வுத் தேதி எப்போது என்று விசாரியுங்கள். சேலத்திலும் சொல்லிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். யாரிடம் படித்தாலும் சரி, சான்றிதழ் கோத்தே, டெல்க், ஓ.எஸ்.டி. போன்ற அங்கீகாரம் பெற்ற தேர்வில் வாங்கியதாக இருக்க வேண்டும். டியூஷன் சென்டர் தன் சீலைக் குத்திக் கொடுக்கும் காகிதம் விசாவுக்கு உதவாது.

வகுப்பில் ‘என் பெயர் இன்னது, எனக்கு ஆப்பிள் பிடிக்கும்’ என்று தொடங்குவார்கள். அதோடு கூட உங்கள் தொழில் வார்த்தைகளை நீங்களாகவே சேர்த்துப் படியுங்கள். மெயின்டனன்ஸை அவர்கள் இன்ஸ்டாண்ட்ஹால்டுங் என்பார்கள். பி.எல்.சி. அங்கே எஸ்.பி.எஸ். ஃபியூஸ் என்றால் ஸிஷெருங். வேலை விளம்பரம் தேடும்போதும் இந்த வார்த்தைகளைப் போட்டுத் தேடுங்கள். இங்கிலீஷில் தேடினால் இங்கிலீஷ் விளம்பரம்தான் வரும், அதற்கு உலகமே விண்ணப்பிக்கிறது. ஊர்ப்புறத்தில் 200 பேர் வேலை செய்யும் ஆலை தன் விளம்பரத்தை ஜெர்மனில்தான் போடும். நம் ஆட்களுக்கு வேலை கிடைப்பது பெரும்பாலும் அப்படிப்பட்ட இடங்களில்தான், மியூனிக்கில் அல்ல. கூட்டாட்சி வேலைவாய்ப்பு முகமையின் தளத்தில் தேடுவது இலவசம். ‘மேக் இட் இன் ஜெர்மனி’ என்ற அரசுத் தளத்தில் விதிமுறைகள் எல்லாம் இங்கிலீஷிலேயே இருக்கின்றன.

ஏ2 முடிந்ததும் இங்கிருந்தே விண்ணப்பம் அனுப்பத் தொடங்குங்கள். பி1 கையில் வந்த பிறகு வேகத்தைக் கூட்டுங்கள். வீடியோவில் இன்டர்வியூ வைப்பது இப்போது அங்கே சாதாரணம். வேலை ஒப்பந்தம் இங்கேயே கிடைத்துவிட்டால் வாய்ப்பு அட்டையே வேண்டாம். நேராக வேலை விசா, சம்பளம் போதுமான அளவு இருந்தால் பட்டதாரிகளுக்கான புளூ கார்டு என்ற வேலை அனுமதி. பற்றாக்குறைத் தொழிலுக்கு 2026இல் புளூ கார்டு சம்பள வரம்பு வருடம் 45,934.20 யூரோ. 13 லட்சத்தை முடக்க வேண்டியதில்லை. மனைவி, குழந்தையைக் கூட அழைத்துப் போகலாம், புளூ கார்டு என்றால் மனைவிக்கு முன்கூட்டியே ஜெர்மன் தேர்வு கேட்பதில்லை. பி1 இருந்தால் 21 மாதத்தில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கே விண்ணப்பிக்கலாம். வாய்ப்பு அட்டையோ குடும்பத்தைக் கூட்டிப் போக ஏற்றது இல்லை. அதில் போனால் குழந்தையின் மூன்றாவது பிறந்தநாளை போனில்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

இங்கிருந்து அனுப்பியதில் நாலைந்து இடத்திலிருந்தாவது இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டு, ‘நேரில் இருந்தால் எடுத்துக்கொள்வோம்’ என்கிற மாதிரி பேச்சு வந்தால், அப்போது வாய்ப்பு அட்டை எடுத்துப் போவதில் அர்த்தம் இருக்கிறது. அதற்குள் ஒரு வருடச் சேமிப்பும் கையில் இருக்கும். குறைவது கொஞ்சமாக இருந்தால் வங்கிக் கடன் பாருங்கள். மீட்டர் வட்டியும் கைமாற்றும் வேண்டாம்.

காகித வேலையில் இரண்டு விஷயம். உங்கள் ஆலையில் கொடுக்கும் அனுபவச் சான்றிதழில் என்ன இருக்கும்? சேர்ந்த தேதி, பதவி, நன்னடத்தை, அவ்வளவுதான். அங்கே அது போதாது. எந்த மிஷின், எந்த பி.எல்.சி., எத்தனை பேர் உங்கள் கீழ், என்ன வேலை செய்தீர்கள் என்று ஒரு பக்கத்துக்கு விவரம் வேண்டும். உங்கள் எச்.ஓ.டி. இன்னும் அங்கேயே இருக்கும்போதே நீங்களே ஒரு வரைவு எழுதிக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பி.எஃப். பாஸ்புக்கையும் இறக்கி வையுங்கள், அனுபவத்துக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. கன்சல்டன்சிக்காரர் ‘அனுபவத்தை நாங்கள் கூட்டித் தருகிறோம்’ என்று சொன்னால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள். பொய்க் காகிதம் பிடிபட்டால் அந்த நாட்டுக் கதவே மூடிக்கொள்ளும். 2025 ஜூலை 1 முதல் விசா மறுப்புக்கு எதிராகத் தூதரகத்திலேயே மறுபரிசீலனை கேட்கும் வழியையும் எடுத்துவிட்டார்கள். மறுத்தால் திரும்ப முதலிலிருந்து விண்ணப்பம், அல்லது பெர்லினில் வழக்கு. ஆகவே முதல் முறையே சுத்தமாகப் போக வேண்டும்.

இரண்டாவது, பெயர். நம் ஊரில் எல்லாருக்கும் உள்ள தொல்லை இது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், பட்டத்தில் இனிஷியல் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, ஆதாரில் இன்னொரு மாதிரி. குடும்பப் பெயர் என்ற கட்டம் பாஸ்போர்ட்டில் காலியாகவே இருக்கும். ஜெர்மன் அலுவலகத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் வங்கிக் கணக்கு முதல் வீட்டுப் பதிவு வரை ஒவ்வொரு இடத்திலும் நின்று விளக்க வேண்டும். நான் விளக்கியிருக்கிறேன். இப்போதே எல்லாச் சான்றிதழ்களையும் மேசையில் பரப்பிப் பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். பாஸ்போர்ட்டில் திருத்த வேண்டுமானால் நம் தலைமைத் தபால் நிலையத்தில் உள்ள பாஸ்போர்ட் மையத்திலேயே வேலையை ஆரம்பிக்கலாம். குழந்தையின் பிறப்புச் சான்றிதழையும் சேர்த்துப் பாருங்கள், அதில் அப்பா பெயர் எப்படி இருக்கிறது என்று.

கன்சல்டன்சியை முழுதாகத் தள்ளச் சொல்லவில்லை. விண்ணப்பம் நிரப்ப, காகிதம் சரிபார்க்க நேர்மையாக உதவுகிறவர்கள் இருக்கிறார்கள், நியாயமான தொகை கொடுக்கலாம். ஆனால் வெளிநாட்டு வேலைக்கே ஆள் எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்ற முகவராக இருக்க வேண்டும். அந்த அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பெயரைப் போட்டால் தெரிந்துவிடும். அப்படிப் பதிவு பெற்றவரே வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். நாலரை லட்சத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி உங்கள் கடிதத்தில் என்னை அதிகமாக யோசிக்க வைத்த வரிக்கு வருகிறேன். ‘அவளை இதில் இழுக்கவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி, உங்கள் வீட்டில் ஜெர்மனிக்கு அதிகம் தேவைப்படுகிறவர் நீங்கள் இல்லை, உங்கள் மனைவிதான்.

பி.எஸ்சி. நர்சிங், ஐ.சி.யு.வில் 6 வருடம். அங்கே மருத்துவமனைகளும் முதியோர் இல்லங்களும் இப்படிப்பட்டவர்களைத்தான் தேடிக்கொண்டிருக்கின்றன. ஆலை மந்தமாகும்போது மெயின்டனன்ஸ் ஆளைக் குறைக்கலாம், ஐ.சி.யு.வில் படுத்திருக்கும் நோயாளியைக் குறைக்க முடியாது. ஆனால் வழி உங்களுடையதைப் போல் இல்லை. செவிலியர் தொழில் அங்கே ஒழுங்குமுறைக்கு உட்பட்டது, உரிமம் இல்லாமல் செவிலியர் என்று வேலை செய்ய முடியாது. எந்த மாநிலத்தில் வேலை பார்க்கப் போகிறாரோ அந்த மாநில அதிகாரிகள் படிப்பை ஒப்பிட்டுப் பார்த்து, என்ன குறைகிறது என்று எழுதிக் கொடுப்பார்கள். குறையைத் தீர்க்க அங்கே போய் ஒரு பயிற்சியோ ஒரு தேர்வோ முடிக்க வேண்டும். அதுவரை உதவியாளராக வேலையும் சம்பளமும் உண்டு. உரிமத்துக்குப் பொதுவாக பி2 வேண்டும். பல இடங்களில் பி1 வரை இங்கே படிக்க வைத்து அழைத்துக்கொண்டு, மீதியை அங்கே முடிக்க வைக்கிறார்கள்.

முக்கியமானது, செவிலியருக்கு நேர்மையான வழியில் செலவை ஏற்பது பெரும்பாலும் வேலை கொடுப்பவர்தான். ஜெர்மன் அரசு சார்பில் நடக்கும் ட்ரிபிள் வின் திட்டத்தில் செவிலியரிடம் பணம் வாங்குவதில்லை, பி1 வரையிலான மொழிப் பயிற்சியும் அதிலேயே அடக்கம். கேரளத்தில் அந்த மாநில அரசின் நோர்க்கா அமைப்பு மூலம் பலர் இப்படிப் போயிருக்கிறார்கள். நம் தமிழக அரசுக்கும் 1978இலிருந்து அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. செவிலியருக்கான அறிவிப்புகள் அங்கே வருவதுண்டு, அதன் பக்கத்தைப் பார்த்து வாருங்கள். நர்ஸ் வேலைக்கு லட்சக்கணக்கில் பணம் கேட்கும் எந்த ஆளிடமும் போகாதீர்கள்.

அவர் வேலையில் அமர்ந்தால் நீங்கள் துணைவர் விசாவில் போகலாம். அதற்கு உங்களுக்குப் பொதுவாக ஏ1 கேட்பார்கள், நீங்கள் அதற்குள் பி1 முடித்திருப்பீர்கள். அந்த விசாவில் போகிறவருக்கு முதல் நாளிலிருந்தே முழுநேர வேலைக்கு அனுமதி உண்டு. 20 மணி நேரக் கட்டுப்பாடு இல்லை, ஒரு வருடக் கெடு இல்லை. வீட்டில் ஒரு சம்பளம் வந்துகொண்டிருக்க, உங்கள் துறையில் பொறுமையாகத் தேடலாம்.

அவர் எளிதாகச் சம்மதிப்பார் என்று நான் சொல்லவில்லை. நைட் டியூட்டி முடித்து வந்து, இரண்டரை வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு, ஜெர்மன் இலக்கணம் படிப்பது லேசான காரியம் இல்லை. அவர் முதலில் போய் நீங்கள் பின்னால் போவதானால், சில மாதம் குழந்தை உங்களிடமும் அம்மாவிடமும் இருக்க வேண்டியிருக்கும். அக்கம்பக்கம் பேசும், ‘பெண்டாட்டியை அனுப்பிவிட்டு இவன் உட்கார்ந்திருக்கிறான்’ என்று. அந்தப் பேச்சுக்குப் பயந்து வீட்டை அடகு வைப்பதைவிட, பேசிவிட்டுப் போகட்டும் என்று இருக்கலாம். ஆனால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு இருக்கிறது. அவர் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள், நான் மேலே சொன்ன உங்கள் வழி அப்படியே இருக்கிறது. கேட்காமலேயே முடிவு செய்ததுதான் எனக்கு உறுத்துகிறது.

இரண்டு வழியில் எதுவானாலும் முதல் படி ஒன்றுதான், ஏ1 வகுப்பு. இரண்டு பேரும் சேர்ந்தே சேருங்கள். ஒரே புத்தகம் போதும். உங்கள் ஷிப்டும் அவர் டியூட்டியும் ஒத்துவராத நாளில் ஒருவர் படித்ததை மற்றவருக்குச் சொல்லிக் கொடுக்கலாம். வேலையை மட்டும் இப்போது விட்டுவிடாதீர்கள். விசா முத்திரை பாஸ்போர்ட்டில் விழுந்த பிறகு நோட்டீஸ் கொடுத்தால் போதும்.

அனாபினில் தேடிப் பார்த்த பக்கம், உங்கள் அனுபவச் சான்றிதழின் வரைவு, உங்கள் மனைவியின் படிப்புச் சான்றிதழ்களின் நகல் மூன்றையும் இந்த முகவரிக்கே அனுப்பி வையுங்கள். கட்டணம் எதுவும் இல்லை. அவருடையதை அவர் சம்மதித்தால் மட்டும் அனுப்புங்கள், கடிதத்தை அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.